ஒரு தேதியும் இரு துயரங்களும்

நாகைக் கடலோரத்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், ஆழிப்பேரலையில் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். டிசம்பர் 26 அன்று அவர் வீட்டுக் கதவு திறவாது. “2003-இல் ஈரானில் பாம் நகரம் இடிந்ததும் அதே தேதி, மறு ஆண்டு நம் கரை அழிந்ததும் அதே தேதி. அந்த நாளே பொல்லாதது அல்லவா, ஐயா?” என்று ஒரு முறை வினவினார்.

துயருற்றவரின் வினாவை எள்ளுதல் ஆகாது; ஆராய்ந்தே விடை கூறவேண்டும்.

பாம் நகரில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த விடியற்காலை. நகரை ஒட்டியே, அதிக ஆழமின்றி, நிலப்பிளவு ஒன்று நழுவியது. நிலநடுக்கத்தின் அளவு 6.6 தான். ஆனால், வீடுகளிற் பல சுடாத மண் செங்கல்லால் எழுந்தவை. அத்தகைய சுவர் விழும்போது புழுதியாகிவிடும். அகப்பட்டவர் மூச்சுவிடவும் இடைவெளி எஞ்சாது. 26,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2004-இல் நிகழ்ந்ததோ வேறு. சுமத்திராவுக்கு அருகே, ஒரு நிலத்தட்டு மற்றொன்றின்கீழ்ப் புதையும் கடலடி விளிம்பு 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, மேலிருந்த நீரை உந்தித் தள்ளியது. அலை நம் கரை சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் சொல்வார் இல்லை! இந்துமாக்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று கிடையாது. ஐதராபாத்தில் அஃது ஏற்பட்டது 2007-இல். பல நாடுகளிலுமாக இறந்தோர் 2,25,000-க்கும் மேல்.

தேதி ஒன்றானது எங்ஙனம்? வகுப்பில் நான் செய்துகாட்டும் கணக்கு ஒன்றுண்டு. இருபத்து மூவர் கூடினால், இருவரது பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். கரும்பலகையில் தேதிகளை எழுதியதும் ஆரவாரம் எழும். ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட பெரும் நிலநடுக்கங்கள் நிகழும் உலகில், இரண்டு ஒரே தேதியில் விழுதல் வியப்பன்று.

நம் முன்னோர் முறைப்படி திதியால் எண்ணினாலோ ஒற்றுமையே மறைகிறது. 2004-இல் அது பௌர்ணமி. 2003-இல் அமாவாசை கழிந்து மூன்று நாளே ஆகியிருந்தது. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்ட செய்தி பாரிஸ் அறிவியல் கழகத்தில் வெளியானதும் 1898 டிசம்பர் 26 அன்றுதான். அதை யார் நினைக்கிறார்கள்?

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. “தரை அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, குழந்தைகளுடன் மேட்டுக்குச் செல்லும் வழி எது, தம்பி?” என்று கேட்டேன். மற்ற நாளெல்லாம் அலையோசை கேட்க உறங்கும் அவருக்கு அது தெரியவில்லை. மறு வாரம் இருவருமாக நடந்து பார்த்தோம். என் நடைக்குப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று.