விரைந்து துடிக்கும் இளம் இருதயம்

படியேறினால் எவருக்கும் இருதயம் விரைந்து துடிக்கும். சிறிது இளைப்பாறினால் அது தானே அடங்கும். ஆனால், அமைதியாக அமர்ந்திருக்கும் இளைஞரொருவருக்குத் துடிப்புத் திடீரென நிமிடத்துக்கு 180 வரை ஏறி, சற்று நேரத்தின் பின் அவ்வாறே திடீரென நின்றுவிடுவதும் உண்டு. வீட்டார் இதனைப் பரீட்சைப் பயம் என்பர். வைத்தியசாலையை அடையுமுன் துடிப்புச் சீராகிவிடுவதால் அவர் சொல் எடுபடுவதில்லை.

இஃது அச்சத்தின் விளைவன்று. இருதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டல் செல்ல இயற்கை அமைத்த வழி ஒன்றே. சிலருக்குப் பிறப்பிலேயே மேலதிக வழியொன்று அமைந்துவிடுகிறது. தூண்டல் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் சுழலும்போது துடிப்பு விரைகிறது. 1930ஆம் ஆண்டில் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்னும் வைத்தியர் மூவர், மற்றப்படி ஆரோக்கியமான இளவயதினர் 11 பேரிடம் இத்தகைய நிலையை விவரித்தனர்.

இவர்கள் செய்யவேண்டுவது யாது? துடிப்புத் தொடங்கிய நேரத்தையும் நாடியின் எண்ணிக்கையையும் குறித்து வைத்தல் வேண்டும். துடிப்பு விரையும்போதே ஈ.சீ.ஜி. பதிவு பெற முயலல் வேண்டும். மூச்சை அடக்கி முக்குதல் சிலருக்கு அதனை நிறுத்தும். அம்முறையை வைத்தியரிடமே பழகுதல் நன்று. மயக்கமோ நெஞ்சுவலியோ நேர்ந்தால் தாமதமின்றி வைத்தியசாலை செல்லல் வேண்டும். மெல்லிய குழாயை நாளத்தின் வழியே செலுத்தி, மேலதிக வழியை வெப்பத்தால் துண்டிக்கும் சிகிச்சை இன்று உண்டு. பெரும்பாலானோர் அதனாற் குணமடைகின்றனர்.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளை நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், முதலில் மணிக்கட்டைப் பற்றி நாடியை எண்ணுங்கள். அறிவுரை பின்னர் ஆகட்டும்.