சுவடித் தேட்டமும் பன்மொழிப் பதிவும்

சைவ நூலாராய்ச்சிக்கு ஒரு மொழியறிவு போதாதென்பது கற்றோர் அறிந்ததே. ஆகமங்கள் வடமொழியில் அமைந்தன. தென்னாட்டார் அவற்றைப் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் ஏடுகளிற் பொறித்தனர். மெய்கண்ட நூல்களோ செந்தமிழில் எழுந்தன. புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இத்தகைய ஏடுகள் பல இக்காலத்துப் படமாக்கப்பெற்றுக் கணினியில் ஏறியுள்ளன. ஆயினும், ஏடு கணினியில் இருத்தல் வேறு. தேடுவார் கையில் அகப்படுதல் வேறு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். சிவஞானபோதம் என்னும் பெயரால் வடமொழிச் சூத்திரங்களும் உள. மெய்கண்டார் அருளிய தமிழ் நூலும் உளது. உரோமன் எழுத்தில் இப்பெயரை வரையுங்கால், வடமொழி முறையினர் குறியிட்ட 'எஸ்' எழுத்தில் தொடங்குவர். தமிழ்ப் பேரகராதி முறையினர் 'சி' எழுத்தில் தொடங்குவர். ஞகர பகரங்களையும் வேறுபட எழுதுவர். எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுத் தேடும் கருவிக்கு இவை இரு வேறு சொற்களே. ஆகவே ஒருமுறையில் தேடினார்க்கு மற்றது அகப்படாது; பட்டியலில் தமிழெழுத்து இல்லையாயின், தமிழில் தேடினார்க்கு இரண்டும் அகப்படா. இவ்விரு நூல்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுந்தார், அவற்றை ஒருங்கு வைத்து நோக்கும் வாய்ப்பையே இழப்பர்.

எழுத்து வகையிலும் இக்குறை நேர்ந்தது. யூனிகோட் என்னும் ஒருங்குறியில் தமிழ் 1991-இல் முதற் பதிப்பிலேயே அமைந்தது. கிரந்தமோ 2014-இல் ஏழாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுகாறும் கிரந்த ஏட்டின் பாடத்தை ஒருங்குறியில் அதன் எழுத்தாலேயே பதிய வழியில்லை.

அற்றேல், ஆங்கிலம் ஒன்றே ஆராய்ச்சிக்குப் பொதுமொழியாய் அமையாதோ எனின், அமையாது. மடத்தில் ஏடு பார்த்துப் பயின்ற எம்போல்வாருட் பலர் ஆங்கிலம் கற்றிலர். சிதைந்த எழுத்தையும் பாடபேதத்தையும் கண்டு சொல்லவல்ல அவர்க்குப் பட்டியல் விளங்காதாயின், அவர் செய்யத்தக்க திருத்தம் நூலுக்குக் கிட்டாது. அவ்விழப்பு ஆங்கிலத்தில் ஆராய்வார்க்கும் உரியதே.

ஆதலின், சுவடிப் பட்டியல் வகுப்போர் நூற்பெயரை மூல எழுத்திலும் பெயர்த்தெழுதிய வடிவங்களிலும் தருக. மொழியும் எழுத்தும் இன்னவென வெவ்வேறாகக் குறிக்க. ஒருபெயர் நூல்களை இணைத்துக் காட்டுக. பிழைகண்டார் தம் மொழியிலேயே தெரிவிக்க இடந்தருக. ஏட்டைக் காத்தது கையெழுத்தாயின், அதனை வாழ்விப்பது படிப்பார் கூட்டமே. அக்கூட்டம் எம்மொழியார்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.