தமிழ் ஆய்விதழ்களின் இணையப் பக்கங்களும் பார்வை மாற்றுத்திறனாளிகளின் அணுக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் வெளியாகும் தமிழ் ஆய்வுக்கட்டுரை, கண்ணால் படிப்போருக்குத் தெளிவாக அமைந்திருந்தும் திரைவாசிப்பானின் துணையால் படிப்போருக்கு எட்டாமற்போவதுண்டு. இதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை எழுத்துக் குறியேற்றத்திலும் ஆவண அமைப்பிலும் உள்ளன. அக்காரணங்களை விளக்கி, கட்டுரையாளரும் இதழாசிரியரும் தம்மளவில் செய்யத்தக்க திருத்தங்களை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணைய அணுக்கம், திரைவாசிப்பான், ஒருங்குறி, குறியேற்றம், மாற்றுரை.

முன்னுரை

தமிழ் இலக்கியத்தைப் பயில்வோரிலும் பயிற்றுவிப்போரிலும் பார்வை மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். முன்னர் இவர்கள் ஒரு நூலைப் படிக்க, மற்றொருவர் வாய்விட்டு வாசிக்கவேண்டியிருந்தது. அல்லது அந்நூல் பிரெயில் வடிவம் பெறும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கணினித் திரையில் உள்ள உரையை ஒலியாக மாற்றும் திரைவாசிப்பான் இந்நிலையை மாற்றியது. கட்டணமின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானும், அதனுடன் வரும் ஈஸ்பீக் என்.ஜி. என்னும் ஒலிப்பானும் தமிழை ஒலிக்கவல்லவை. ஆயினும் கருவி இருப்பதனால் மட்டும் கட்டுரை எட்டிவிடுவதில்லை. கருவி படிக்கத்தக்க எழுத்தாகக் கட்டுரை அமைந்திருக்கவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

நெறிமுறைகளும் சட்டமும்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999ஆம் ஆண்டில் இணைய உள்ளடக்க அணுக்க நெறிமுறைகளின் முதற்பதிப்பை வெளியிட்டது. 2008இல் 2.0 பதிப்பும், 2018இல் 2.1 பதிப்பும், 2023இல் 2.2 பதிப்பும் வெளிவந்தன. உள்ளடக்கம் உணரத்தக்கதாகவும், இயக்கத்தக்கதாகவும், புரிந்துகொள்ளத்தக்கதாகவும், பலவகைக் கருவிகளிலும் நிலைத்து இயங்குவதாகவும் இருக்கவேண்டும் என்னும் நான்கு கொள்கைகள் 2.0 முதலான பதிப்புகளின் அடிப்படையாகும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன்வழி இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8ஆம் நாள் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அணுக்க நெறிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்திற்கு முரணானது எனக்கூறி, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. எனவே அணுக்கம் என்பது இரக்கத்தால் வழங்கப்படும் சலுகையன்று, உரிமை சார்ந்தது.

குறியேற்றச் சிக்கல்

தமிழ்க் கட்டுரைகளுக்கே உரிய முதல் தடை குறியேற்றமாகும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் உருவான பல எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துக்கொண்டன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கணினியில் சேமிக்கப்படுவது தமிழ்ச் சொல்லன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். அவ்வெழுத்துரு அவற்றின்மீது தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கண் வடிவத்தைப் படிக்கிறது. திரைவாசிப்பானோ சேமிக்கப்பட்டதைப் படிக்கிறது. ஆகவே கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில ஒலிகளாகக் கேட்கிறது.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும், அது இயலாத பயன்பாடுகளுக்குத் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதற்குப் பின்னரும் அச்சுக்கோப்புக்காகப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அவ்வாறே பி.டி.எஃப். கோப்பாக வலையேற்றும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை.

ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்டவற்றிலும் பிழை நேர்கிறது. ‘மௌனம்’ என்பதில் ஔகார உயிர்மெய்யை இடாமல், எகர உயிர்மெய்யை அடுத்து ளகரத்தை இட்டு ‘மெளனம்’ என எழுதினால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். திரைவாசிப்பான் பின்னதை ‘மெ-ள-னம்’ என்றே ஒலிக்கும். முன்னதைத் தேடுவோருக்குப் பின்னது தேடலிலும் அகப்படாது. சொல்லடைவு தொகுப்போரையும் தரவக ஆய்வாளரையும் இதே பிழை பாதிக்கிறது என்பது கருதத்தக்கது.

பி.டி.எஃப். கோப்பும் வருடிய படமும்

அச்சிட்ட பக்கங்களை வருடி உருவாக்கும் கோப்பில் எழுத்தே இல்லை. பக்கத்தின் படம் மட்டுமே உள்ளது. எழுத்துணரி மென்பொருளால் அதனை உரையாக்கலாம். எனினும் மெய்ப்புப் பார்க்காத உரை ஆய்வு மேற்கோளுக்குத் தகுதியுடையதன்று.

ஒருங்குறிக் கோப்பும் சில வேளைகளில் சிதைகிறது. ‘கொ’ என்னும் எழுத்தை வரைகையில் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் வருகின்றன. கோப்பை உருவாக்கும் மென்பொருள் இவ்வடிவங்களை உரிய எழுத்தோடு சரிவர இணைக்காவிடில், உயிர்க்குறிகள் இடம்மாறிப் படிக்கப்படுகின்றன.

இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து, ஓர் எளிய உரைத்தொகுப்பியில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். எதுவும் தெரிவுக்கு அகப்படவில்லையெனில் அது வருடிய படமாகும். ஆங்கில எழுத்துகளாக வந்தால் பழைய குறியேற்றமாகும். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் கோப்பாக்கத்தில் பிழை உள்ளது. செம்மையாக வந்தால் முதல் தடை நீங்கிற்று எனலாம். கட்டுரையை எச்.டி.எம்.எல். வடிவிலும் வெளியிடுதல் இச்சிக்கல்களுட் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்.

ஆவண அமைப்பு

எழுத்து செம்மையான பின்னர் அமைப்பைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிக்கப்படவேண்டும். ஆயத்த வார்ப்புருக்களில் மொழி ஆங்கிலம் என இருப்பின் ஒலிப்பான் ஆங்கிலத்திற்கு மாறித் தமிழைப் பிழைபட ஒலிக்கவோ விட்டுவிடவோ கூடும். கட்டுரையினுள் வேற்றுமொழி மேற்கோள் வரும்போது அப்பகுதிக்கும் அதன் மொழியைத் தனியே குறித்தல் நன்று.

இரண்டாவது, தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டாமல் தலைப்புக்குரிய பாணியில் அமைக்கவேண்டும். கண்ணால் படிப்பவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து வேண்டிய பகுதியை அடைகிறார். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் ஒரே விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார். தலைப்புப் பாணி இல்லையெனில் முடிவுரையைக் காண முழுக்கட்டுரையையும் கேட்கவேண்டியதாகிறது.

மூன்றாவது, பாடவேறுபாடுகளைத் தரும் அட்டவணையைப் படமாக இடாமல், தலைப்புக் கட்டங்களோடு கூடிய அட்டவணையாகவே அமைத்தல் வேண்டும். அப்போது தான் கேட்கும் பாடம் எந்தச் சுவடிக்கு உரியது என்பதைப் படிப்பவர் உணரமுடியும்.

நான்காவது, படத்திற்கு மாற்றுரை வேண்டும். கல்வெட்டு மைப்படிக்கு ‘படம் 1’ என்னும் மாற்றுரை எவ்வகையிலும் பயன்படாது. ‘ஐந்து வரிகள் கொண்ட வட்டெழுத்துக் கல்வெட்டின் மைப்படி, இறுதி வரி சிதைந்துள்ளது, வாசிப்பு கீழே தரப்பட்டுள்ளது’ என்பதுபோல் எழுதி, கல்வெட்டின் வாசிப்பைக் கட்டுரையில் உரையாகத் தருதல் வேண்டும். மாற்றுரையைக் கட்டுரையாளரே எழுதுவது பொருந்தும். படம் எதற்காக இடப்பட்டது என்பதை அவரே நன்கறிவார்.

பிற மாற்றுத்திறனாளிகளின் தேவைகளும் உள்ளன. செவித்திறன் குறைந்தோருக்குக் காணொலி உரையின் எழுத்துவடிவமும், சுட்டியை இயக்க இயலாதோருக்கு விசைப்பலகையால் மட்டும் இயங்கும் பக்கமும் வேண்டும். குறைபார்வை உடையோருக்காக, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் மாறுபாட்டு விகிதம் வேண்டும் என நெறிமுறைகளின் இரண்டாம் நிலை வரையறுக்கிறது.

முடிவுரை

மேற்கூறிய திருத்தங்களுட் பெரும்பாலானவை மிகுந்த செலவோ தனித்த தொழில்நுட்பப் பயிற்சியோ வேண்டாதவை. ஒருங்குறியில் தட்டச்சு செய்தல், தலைப்புப் பாணியைப் பயன்படுத்தல், மாற்றுரை எழுதுதல் ஆகியன கட்டுரையாளரின் பொறுப்பாகும். மொழிக்குறிப்பு, எச்.டி.எம்.எல். பதிப்பு, நகலெடுப்புச் சோதனை ஆகியன இதழாசிரியரின் பொறுப்பாகும். கட்டுரையாளருக்கு இதழ்கள் வழங்கும் நெறிமுறைகளில், பக்க அளவு, எழுத்தளவு ஆகியவற்றோடு இவற்றையும் சேர்த்தல் வேண்டும்.

ஆய்வு என்பது முன்னோர் கூறியதை அறிந்து, அதனை ஏற்றோ மறுத்தோ மேற்செல்வதாகும். முன்னைய கட்டுரைகளைப் படிக்க இயலாத ஆய்வாளர் அவ்வுரையாடலில் பங்கேற்க இயலாது. அவ்விழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. அவருடைய மறுப்பையும் விளக்கத்தையும் பெறாத தமிழாய்வுக்கும் உரியதாகும்.