உங்க உடம்போட ஸ்டேட்மென்ட் உங்ககிட்ட இருக்கா?

கம்பெனி இன்ஷூரன்ஸை மட்டும் நம்பி இருக்காதீங்கன்னு வீடியோவுல அடிக்கடி சொல்வேன். ஆனா எனக்கே தனி பாலிசி எடுக்கப் போனது 34 வயசுலதான். மெடிக்கல் டெஸ்ட் முடிஞ்சதும், பிரீமியம் கூடுதலா கட்டணும்னு சொல்லிட்டாங்க. இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு, சுகர் மூணுமே எல்லையைத் தாண்டியிருந்தது.

"எப்போ ஆச்சு இது?"ன்னு யோசிச்சேன். பதில் இல்லை. ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை பண்ற எனக்கு, என் உடம்பைப் பத்தி ஒரு பழைய பதிவுகூடக் கிடையாது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடின ஒரு ஆய்வு நெதர்லாந்துல நடந்திருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல 1970-களில், சுமார் 13 வயசு பள்ளிப் பிள்ளைகளை வச்சு ஆரம்பிச்சாங்க. தோல் மடிப்பைப் பிடிச்சுக் கொழுப்பை அளந்தாங்க. டிரெட்மில்லில் ஓடவிட்டு மூச்சுத் திறனைப் பார்த்தாங்க. சாப்பாடு, உடற்பயிற்சி, குடி, புகை எல்லாத்தையும் கேட்டுக் குறிச்சாங்க. அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அளந்தாங்க.

36 வயசுல 364 பேரைப் பரிசோதிச்சப்போ, சுமார் 10 சதவீதம் பேருக்கு 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' இருந்தது. அதாவது இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் ஆகிய ஐந்தில் மூணாவது சரியில்லாத நிலை. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இதுதான் முன்வாசல்.

அவங்க பழைய பதிவுகளைப் புரட்டினா, விஷயம் திடீர்னு நடக்கலை. மத்தவங்களைவிட அவங்களுக்குக் கொழுப்பு, முக்கியமா வயிறு, முதுகுப் பக்கம், வேகமா ஏறியிருந்தது. மூச்சுத் திறன் அதிகமா இறங்கியிருந்தது. இன்னொண்ணு கவனிங்க: லேசான, மிதமான நடமாட்டம் அவங்களுக்குக் கூடியிருந்தது. மூச்சு வாங்குற கடினமான பயிற்சிதான் குறைஞ்சிருந்தது. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா "நான்தான் தினமும் நடக்கிறேனே"ன்னு சொல்ற நம்மள யோசிக்க வைக்குது.

ஒரு நாள் எடுக்கிற டெஸ்ட், க்ளோசிங் பேலன்ஸ் மாதிரி. பணம் எங்க போச்சுன்னு தெரியணும்னா ஸ்டேட்மென்ட் வேணும். உடம்புக்கும் அப்படித்தான். அதனால ஒரு எக்செல் ஷீட் போதும்:

1. மாசம் ஒருமுறை, காலையில வெறும் வயித்துல இடுப்பை டேப் வச்சு அளங்க. நம்ம ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

2. மூணு மாசத்துக்கு ஒருமுறை, 12 நிமிஷத்துல எவ்வளவு தூரம் ஓட முடியுதுன்னு குறிங்க. ஏற்கெனவே ஏதாவது பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஓடுங்க.

3. வாரத்துல எத்தனை நிமிஷம் மூச்சு வாங்க உழைச்சீங்கன்னு எழுதுங்க.

4. வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பழைய வரி முறையில இருந்தா, தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கான மொத்தக் கழிவு வரம்புக்குள்ளதான் இது வரும்.

வீட்டுல இருக்கிற கொழுப்பு காட்டுற எடை மெஷினை ரொம்ப நம்பாதீங்க. தண்ணி குடிச்சா, குடிக்கலைன்னா நம்பர் மாறும். எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாருங்க.

25 வயசுல இந்த ஷீட்டை ஆரம்பிச்சா, ஏறுறது ஆரம்பத்துலயே கண்ணுல படும். எனக்கு முதல் வரி 34-லதான் விழுந்தது. உங்க முதல் வரியை இந்த ஞாயித்துக்கிழமையே எழுதிடுங்க.