செவி கொடுக்கும் பெற்றோர்

"தோளுக்கு மிஞ்சினால் தோழன்" என்பது நம் முன்னோர் வாக்கு. வளர்ந்துவிட்ட பிள்ளையை அதட்டி நடத்தாமல் தோழமையோடு நடத்த வேண்டும் என்பது இதன் பொருள். மகனை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதாயினும் இது மகளுக்கும் பொருந்தும். ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? மழலை பேசும் வயதில் மகளின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு மகிழ்ந்த பெற்றோர், அவள் பதினான்கு வயதை எட்டியதும், "வாயாடாதே, போய்ப் படி" என்று அடக்கிவிடுகின்றனர். சொல்வதற்கு மிகுதியாக இருக்கும் வயதில் அவளுக்குக் கேட்பார் இல்லாமல் போகின்றனர்.

வளரிளம் பருவம்

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இப்பருவத்தினர் சுமார் 25 கோடி பேர். அதாவது ஐந்து பேரில் ஒருவர்.

இப்பருவத்தில் உடல் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. மூளையில் நிகழும் மாற்றம் தெரிவதில்லை. உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் முன்னதாகவே முனைப்படைகின்றன. ஆராய்ந்து பார்க்கவும், உணர்ச்சியை அடக்கி ஆளவும் துணைசெய்யும் நெற்றிப்புறப் பகுதியோ ஏறத்தாழ இருபத்தைந்து வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஒரு சிறு சொல்லுக்குக் கண்ணீர் வருவதும், காரணமின்றிக் கோபம் வருவதும் இதனால்தான். இது திமிரும் அன்று. தீய குணமும் அன்று.

மனத்தால் உடனிருத்தல்

சோறும் துணியும் கல்விக் கட்டணமும் கொடுத்துவிட்டால் பெற்றோர் கடமை முடிந்துவிடுமா? இல்லை என்கின்றனர் உளநூல் அறிஞர்கள். இங்கிலாந்து நாட்டு மருத்துவரான ஜான் பௌல்பி, குழந்தைக்கு உணவு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை நிலையான அன்புறவு என்று விளக்கினார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் அம்மையார் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் உற்று நோக்கினார். தவழும் குழந்தை தாயைவிட்டுச் சற்றுத் தூரம் போகும், திரும்பிப் பார்க்கும், தாய் இருக்கிறாள் என்று கண்டதும் இன்னும் தூரம் போகும். திரும்பி வர ஓர் இடம் உண்டு என்ற துணிவே அதை முன்னே செல்ல வைக்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணும் இப்படித்தான். அவள் செல்லும் தூரம் மட்டுமே பெரிது: பள்ளி, தோழியர், விடுதி, நாளை கல்லூரி.

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார. கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் அசைவற்ற முகத்தோடு இருக்க வேண்டும். தாய் எங்கும் போய்விடவில்லை, எதிரேதான் இருக்கிறாள். எனினும் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, பின் வாடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அருகில் இருப்பது வேறு, மனத்தால் உடனிருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்ற 12,118 மாணவ மாணவியரைப் பற்றிய ஆய்வொன்றை மைக்கேல் ரெஸ்னிக் குழுவினர் 1997-ஆம் ஆண்டு வெளியிட்டனர். தம் பெற்றோர் தம்மை நேசிக்கின்றனர், தம்மீது அக்கறை கொண்டுள்ளனர் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் மனவேதனையும், தற்கொலை எண்ணமும், புகைப் பழக்கமும் குறைவாக இருந்தன. பெற்றோர் வீட்டில் இருப்பதும் நன்மையே. ஆனால் அதைவிட இந்த நெருக்கமே வலிய காப்பாக இருந்தது. பள்ளியில் தமக்கு இடம் உண்டு, ஆசிரியர்கள் தம்மை நியாயமாக நடத்துகின்றனர் என்ற உணர்வும் அவ்வாறே காத்தது. ஆதலால் இது ஆசிரியர்களுக்கும் உரிய பாடம்.

நம் மாவட்டத்தில்

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது நம் தருமபுரி மாவட்டம். பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் கேழ்வரகும் சாமையும் பொய்க்கும். எனவே பெங்களூரின் கட்டட வேலைக்கும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் பெற்றோர் இங்குப் பலர். பிள்ளைகள் பாட்டியிடமோ விடுதியிலோ வளர்கின்றனர். இந்தப் பெற்றோர் குற்றவாளிகளா? ஒருக்காலும் இல்லை. மகளின் படிப்புக்காகவே அவர்கள் செங்கல் சுமக்கின்றனர். அவர்களுக்கு மேற்கண்ட ஆய்வு ஆறுதலே தருகிறது. தூரம் மட்டுமே அன்பைத் துண்டிப்பதில்லை.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்ன பேசுகிறோம்? "சாப்பிட்டாயா? படிக்கிறாயா? எத்தனை மார்க்?" மூன்று கேள்விகள், மூன்று ஒற்றைச் சொல் பதில்கள், பேச்சு முடிந்தது. "இந்த வாரம் எது உனக்குக் கஷ்டமாக இருந்தது, கண்ணு?" என்று நான்காவதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருந்தால் பெங்களூரில் இருக்கும் தாயும் மகளின் அருகில் இருக்கிறாள். அதே கூரையின்கீழ் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண் பதித்திருக்கும் தாய் தந்தையரோ, அருகிலிருந்தும் தொலைவில் இருக்கின்றனர்.

ஒரு மாணவி வீட்டுக்கு வந்து, "பஸ்ஸில் ஒருவன் தினமும் பின்தொடர்கிறான், அம்மா" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "நீ ஏன் அவனைப் பார்த்தாய்? நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்" என்பது ஒரு பதில். "நல்லவேளை, என்னிடம் சொன்னாய். என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்பது இன்னொரு பதில். முதல் பதிலைக் கேட்ட பெண் இனி எதையும் வீட்டில் சொல்லமாட்டாள். சொல்லாத பெண்ணைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சுவர். அஞ்சிய பெற்றோர் அவசரமாக மாப்பிள்ளை தேடுவர். இளவயதுத் திருமணம் இன்னும் முற்றிலும் மறையாத மாவட்டம் நம்முடையது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்துவைப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்கு வழி, பல வீடுகளில், கேட்கப்படாத ஒரு பேச்சிலிருந்தே தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை

ஸெய்னெப் பிரிங்கன் என்ற அறிஞர், பெற்றோரிடம் இருக்க வேண்டியவற்றை நான்காக வகுத்துள்ளார். முதலாவது, பிள்ளையின் மனநிலையை அறிந்து அதற்கேற்ப நடத்தல். இரண்டாவது, நல்வழி காட்டி எல்லை வகுத்தல். மூன்றாவது, எல்லாவற்றிலும் தலையிடாதிருத்தல். நான்காவது, சொல்லாலும் செயலாலும் புண்படுத்தாதிருத்தல். இந்த இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. செவி கொடுப்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது அன்று. "வேண்டாம்" என்று சொல்லலாம். ஆனால் முழுவதும் கேட்டபின் காரணத்தோடு சொல்ல வேண்டும். அத்தை மகளோடும் அடுத்த வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிட்டுப் பேசுவதை அறவே விட வேண்டும். மகள் நம்பிச் சொன்னதை உறவினர் நடுவே சொல்லிச் சிரிக்கக் கூடாது.

உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு எல்லா நாளும் இது இயலுமா? இயலாது, இயல வேண்டும் என்பதும் இல்லை. தாயும் குழந்தையும் ஒத்திசைந்து இருப்பது பத்தில் சுமார் மூன்று பங்கு நேரம்தான் என்று ட்ரோனிக் கண்டார். மீதி நேரம் பிசகும், பின் சரியாகும். அந்தச் சரிசெய்தலே உறவை உறுதிப்படுத்துகிறது. ஆகவே கோபத்தில் திட்டிவிட்ட தந்தை, இரவு உணவின்போது, "காலையில் கடுமையாகப் பேசிவிட்டேன், அம்மா" என்று மகளிடம் சொல்லட்டும். அதனால் அவர் மதிப்புக் குறையாது.

அன்பு மாணவியரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தாய் தந்தையர் பலருக்கு, அவர்கள் சிறுவயதில் செவி கொடுத்தவர் யாருமில்லை. கேட்கத் தெரியாமல் இருப்பதற்கு அன்பின்மை காரணம் அன்று, பழக்கமின்மையே காரணம். ஒரு முறை சொல்லிப் பயனில்லை என்றால், அவர்கள் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்து மறுமுறை சொல்லுங்கள். வீட்டில் சொல்ல இயலாததைப் பாட்டியிடமோ, நீங்கள் நம்பும் ஆசிரியையிடமோ சொல்லுங்கள். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழைக்கலாம். 2022-இல் தொடங்கிய இச்சேவையில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்களுக்குக் கட்டாய மணம் பேசப்பட்டாலோ, எவரேனும் துன்புறுத்தினாலோ 1098 என்ற எண் உங்களுக்காகவே உள்ளது.

பெற்றோர்களே, இம்மலரில் உங்கள் மகளின் பெயரையோ படத்தையோ தேடிப் பார்த்திருப்பீர்கள். இதை மூடி வைத்துவிட்டு, இன்று மாலை அவளை அருகில் அழைத்து உட்காரவைத்து ஒரு கால்மணி நேரம் அவள் பேசுவதைக் கேளுங்கள். இடையில் அறிவுரை வேண்டாம். அவள் உங்களுக்குச் சொல்ல நெடுநாளாக ஏதோ ஒன்றை வைத்திருக்கக்கூடும்.