இதய மாத்திரையோடு வலி மாத்திரை சேரும்போது

பாரிவாக்கம் போன்ற ஊரில் அறுபதைத் தாண்டிய இதய நோயாளிக்கு மாத்திரைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை எழுதித் தந்தவை இன்னொரு பையில் இருக்கும். மூட்டுவலி வந்தால் பக்கத்து மெடிக்கலில் சொன்னால் போதும், சீட்டு இல்லாமலே நாலைந்து மாத்திரைகளைப் பிரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல மருந்தாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்தக் காகித உறைதான் முதல் கவலை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. பிரஷர் ஏறுகிறது. இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கு இரைப்பையில் ரத்தம் கசியலாம். மலம் கன்னங்கரேலென்று போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிரஷருக்கான எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன், அதோடு நீர் பிரிய ஒரு மாத்திரை, அவற்றின் மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்கு. வாந்தி, பேதியில் உடல் வறண்டிருக்கும்போது அது சில நாட்களிலேயே நடந்துவிடும். இத்தனை பேருடைய வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் மருந்து என்பதால் இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இதய நோயாளிக்கு வலி, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

‘கேஸ்’ மாத்திரையிலும் கவனம் வேண்டும். குளோபிடோக்ரல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். ஒமெப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009லேயே எச்சரித்தது. இரைப்பையைக் காக்க மாத்திரை வேண்டுமென்றால் பான்டோபிரசோல் தருவது வழக்கம்.

பல வீடுகளில் பக்கவிளைவையே புது நோய் என்று எண்ணி, அதற்கும் ஒரு மாத்திரை சேர்த்துவிடுகிறார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். இருமல் டானிக் அதைத் தீர்க்காது. அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். ஸ்டாடின் மாத்திரையால் தசைவலி வரலாம். அதற்கு வலி மாத்திரை போட்டால் மேலே சொன்ன கதைதான். இவற்றுக்கெல்லாம் மாற்று மருந்து உண்டு. ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. அடெனோலால், மெட்டோப்ரோலால் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போகிறவர்கள் பயந்து செய்கிற தவறு இது.

சாப்பாட்டிலும் விஷயம் இருக்கிறது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுவார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டால் போதும். பேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் கீரைக்கு நேரெதிர்: ரத்தம் உறைவதை மேலும் தடுத்துக் கசிவை வரவழைக்கும். எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிற, சிறுநீரகமும் சரியில்லாத ஒருவர் வெயிலுக்குத் தினமும் இளநீர் குடிப்பதும், பிரஷருக்கு நல்லதென்று ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குவதும் ஆபத்து. இளநீர், அந்த உப்பு இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்; அந்த மாத்திரைகளோ அதை உடலிலேயே தேக்குபவை. ரத்தத்தில் அது எகிறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு நின்றுபோகலாம்.

வெட்கத்தால் சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபிலும் ஒரே நாளில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு சரியும். டடலாஃபில் என்றால் அந்த அபாயம் இரண்டு நாள் நீடிக்கும். அவசர சிகிச்சைக்குப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பூந்தமல்லி, ஆவடி அரசு மருத்துவமனைக்கோ போகும்போது, சித்த மருந்து, சூரணம் உட்பட வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையை வாங்காதீர்கள். பெயர் தெரியாத மாத்திரையைப் பார்த்து எந்த மருத்துவரும் ஒன்றும் சொல்ல முடியாது. மருந்தால் பக்கவிளைவு வந்தால் நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.