இரும்பைத் தேடி ஓடாதீர்கள்... ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்!

நடவு வயலில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் நிற்கும். நட்டுக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று வலிப்பு வந்து குப்புற விழுந்தால், உயிர் போவதற்கு அந்தத் தண்ணீரே போதும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் அரிவாள் எடுக்க வரப்புக்கு ஓடுகிறார். இரண்டு பேர் கை, கால்களை அமுக்கிப் பிடிக்கிறார்கள். முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும் என்பது பல நேரங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை. உயிரைக் காப்பாற்றுவது அந்த ஒரு வேலைதான்.

இரும்பு கொடுத்தால் நிற்குமா?

மூளையில் உள்ள நரம்புச் செல்கள் மிக நுண்ணிய மின்சாரத்தின் மூலம் வேலை செய்கின்றன. அந்த மின்னோட்டம் கொஞ்ச நேரம் தாறுமாறாகிவிடுவதுதான் வலிப்பு. உடல் விறைப்பது, கை, கால் வெட்டி இழுப்பது, வாயில் நுரை வருவது, சிறுநீர் போய்விடுவது எல்லாம் இதனால்தான். இது பேய், பிசாசு வேலை அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவந்து கையில் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. அதனால்தான் இரும்பு கொடுத்து நின்றதுபோலத் தெரிகிறது. கூரான இரும்பு, வெட்டி இழுக்கும் கையில் இருந்தால் அவரையும் குத்தும், பிடிப்பவரையும் குத்தும்.

செய்ய வேண்டியவை

* பதறாமல் மணியைப் பாருங்கள். வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பது மிக முக்கியம்.
* அடுப்பு, கல், மண்வெட்டி, ஓடும் மோட்டார் போன்றவை அருகில் இருந்தால் அவற்றை விலக்குங்கள். விலக்க முடியாவிட்டால் மட்டும் ஆளை நகர்த்துங்கள்.
* துண்டையோ சேலையையோ மடித்துத் தலைக்கு அடியில் வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.
* ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாயை அடைக்காது. வெட்டி இழுக்கும்போது முடியாவிட்டால், இழுப்பு அடங்கியதும் திருப்பிவிடுங்கள்.
* தண்ணீரில் விழுந்திருந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடியுங்கள். இழுப்பு அடங்கியதும் கரையேற்றுங்கள். நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.
* முழு நினைவு வரும்வரை ஒருவர் கூடவே இருங்கள்.

செய்யக் கூடாதவை

* வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்கக் கூடாது. நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போய்ச் சிக்குவதுதான் உண்மையான ஆபத்து.
* கை, கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. எலும்பு முறியலாம், மூட்டு விலகலாம்.
* தெளிவாகும்வரை தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது.
* வெங்காயம், செருப்பு என எதையும் மூக்கில் வைக்க வேண்டாம். கூட்டம் கூடிக் காற்றை மறைக்கவும் வேண்டாம்.

எப்போது 108?

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலும், வாழ்நாளில் முதல்முறையாக வந்தாலும், தலையில் அடிபட்டாலும், இழுப்பு நின்ற பிறகு மூச்சு சீராகாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பூச்சிமருந்து. மருந்து அடித்துக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தால், அது விஷம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். இழுப்பு அடங்கியதும், கையுறை அல்லது பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு மருந்து பட்ட உடைகளைக் கழற்றுங்கள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரையைத் திடீரென்று விடுவது, வலிப்பு மறுபடி வருவதற்கு முக்கியக் காரணம். மருத்துவர் பரிசோதித்து, படிப்படியாகத்தான் குறைப்பார். தூக்கம் கெடுவதும், குடியும் வலிப்பைத் தூண்டும். இரவில் தண்ணீர் பாய்ச்சும் முறை வந்தால் வீட்டில் வேறு ஒருவர் போகட்டும்.

வலிப்பு உள்ளவர் விவசாய வேலை செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால், கிணற்றில் இறங்குவது, மரம் ஏறுவது, டிராக்டர் ஓட்டுவது வேண்டாம். தனியாகக் குளத்தில் குளிக்கவும் வேண்டாம். கூட வேலை செய்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

காய்கறி மூலமாக வலிப்பு வருமா?

வரலாம். பன்றி நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். கழுவாத கீரை, காய்கறி, கை மூலமாக அவை வயிற்றுக்குள் போனால், புழுவின் இளம்பருவம் மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றி இறைச்சி சாப்பிடாதவருக்கும் இது வரும். கழிப்பறையைப் பயன்படுத்துவதும், கைகளைச் சோப்பால் கழுவுவதும், பச்சையாகச் சாப்பிடும் காய்களை நன்கு கழுவுவதும்தான் தடுப்பு.

மகளுக்கு வலிப்பு இருக்கிறது. கல்யாணம் செய்யலாமா?

செய்யலாம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. அது 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் மறைத்தால், புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போட வேண்டியிருக்கும். ஒருநாள் அது நின்றுபோகும். வலிப்பு வரும்போது என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியாது. முன்பே சொல்லிவிடுவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசினால், தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

வலிப்பு அடங்கிய பிறகு அவர் குழம்பிப்போய், களைப்பாக இருப்பார். சிறுநீர் போயிருந்தால் ஒரு துண்டால் மூடிவிடுங்கள். 'ஒண்ணும் இல்லை, நாங்க இருக்கோம்' என்று சொல்லுங்கள். கண் விழிப்பவருக்கு முதலில் கேட்க வேண்டியது அந்த வார்த்தைதான்.